எலும்பு காத்திருக்கும், இரத்தம் காத்திராது

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. ஆனால் அந்தச் சிரசை எடுத்து நிறுத்தி, வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்வன முதுகெலும்பும் இடுப்பும் கால்களுமே என்பதை நாம் நினைப்பதில்லை. அவை ஒழுங்காக உழைக்கும்வரை அவற்றுக்கு நன்றி கூறுவாரும் இல்லை. ஒருநாள் படி தவறி விழுந்து, எழ முயன்றும் எழ முடியாத போதுதான், உடம்பின் பாரம் முழுவதையும் இத்தனை காலமும் ஓசையின்றிச் சுமந்து வந்தது எது என்று தெரிய வருகிறது.

மாத்தளை மாவட்டத்தில் வாழும் நமக்கு இவ்வுண்மை நன்கு தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தனர். வழியில் மடிந்தோர் பலர். பின்னர் கோப்பி அழிந்தது. தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன. எது வந்தபோதிலும் அதனைப் பறித்தனவும் சுமந்தனவும் மனிதரின் கைகால்களே. இன்றும் ரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைச் சரிவுகளிலே கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்கும் பெண்களும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களிலும் உயர்ந்த கராம்பு மரங்களிலும் ஏறும் ஆடவரும், தம்புள்ளையில் மரக்கறி மூடை தூக்கும் தொழிலாளரும் தம் எலும்பையும் மூட்டையுமே முதலாக வைத்துச் சீவனம் நடத்துகின்றனர். இவர்களுக்குக் கை முறிந்தால் அன்றைய கூலியும் சேர்ந்தே முறிகிறது.

ஆகவே எலும்பும் மூட்டும் பழுதுற்றால் வைத்தியர் அதனை எவ்வாறு கண்டறிகிறார், எப்போது கத்தியை எடுக்கிறார், நாம் செய்யத்தக்கனவும் செய்யத்தகாதனவும் எவை என்பவற்றைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

உயிருள்ள தூண்

எலும்பு என்றவுடன் பலர் மனத்தில் தோன்றுவது உலர்ந்து வெளுத்த ஒரு துண்டு. அது இறந்த எலும்பின் தோற்றம். உடம்பினுள் இருக்கும் எலும்போ இரத்தம் ஓடும், வலி உணரும், நாள்தோறும் தன்னைத்தானே புதுப்பித்துக் கொள்ளும் உயிர்ப்பொருள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் 206 எலும்புகள் உள்ளன. ஆண்டுதோறும் அவற்றின் பொருளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது.

கட்டடம் கட்டுவோர் இரும்புக் கம்பியையும் சீமெந்தையும் சேர்த்துத் தூண் எழுப்புவதைக் கண்டிருப்பீர்கள். இயற்கை அதே முறையை நெடுங்காலத்துக்கு முன்பே கைக்கொண்டது. கொலாஜன் என்னும் புரதநார் கம்பியைப் போல் வளைந்து கொடுக்கும். கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த உப்பு சீமெந்தைப் போல் இறுகி நிற்கும். மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோழியின் கால் எலும்பொன்றைச் சில நாட்கள் வினாகிரியில் ஊற வையுங்கள். உப்பு கரைந்து போக, எலும்பு இறப்பரைப் போல் வளையும். இன்னோர் எலும்பை நெருப்பில் நன்கு சுட்டால் நார் எரிந்துவிட, எஞ்சியது விரலால் அழுத்தினாலே நொறுங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் போதுதான் எலும்புக்கு வலிமை உண்டு.

இத்தூணுக்கு வேறொரு குணமும் உண்டு. உழைக்க உழைக்க அது உரம் பெறும். சும்மா கிடந்தால் மெலியும். ஜேர்மானிய வைத்தியர் யூலியஸ் வொல்ப் 1892ஆம் ஆண்டில் இதனை ஒரு விதியாகவே எடுத்துரைத்தார். பாரமற்ற விண்வெளியில் வாழும் விண்வெளி வீரரின் இடுப்பெலும்பு மாதந்தோறும் நூற்றுக்கு ஒன்று அளவில் தன் செறிவை இழக்கிறது என்று பின்னர் கண்டறியப்பட்டது. படுக்கையில் மாதக்கணக்காய்க் கிடக்கும் நோயாளிக்கும் இவ்வாறான தேய்வே நேர்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் முதியோரைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

முறிந்தது ஒட்டும் விதம்

எலும்பை எந்த வைத்தியரும் ஒட்டவைப்பதில்லை, உடம்பே ஒட்டவைக்கிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கசிந்து உறைகிறது. அவ்வுறைவினுள் புதிய இரத்தக் குழாய்களும் கலங்களும் புகுந்து, இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான ஓர் இணைப்பைத் தோற்றுவிக்கின்றன. அதன்மேல் கல்சியம் படிந்து இறுகுகிறது. பின்னர் மாதக்கணக்காக, ஏன் ஆண்டுக்கணக்காகவும், தச்சர் மரத்தை இழைப்பது போல் உடம்பு அம்முடிச்சைச் செதுக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டு வருகிறது. வளர்ந்தோரின் கையெலும்பு பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களிலும், கீழ்க்கால் எலும்பு மூன்று நான்கு மாதங்களிலும் பாரம் தாங்கும் நிலையை அடையும். சிறுவருக்கு இதனினும் விரைவில் ஆறிவிடும்.

அப்படியாயின் வைத்தியரின் வேலை என்ன? முறிந்த முனைகளை நேர்ப்படுத்துவது, நேர்ப்பட்டவை அசையாமல் காப்பது, அவற்றுக்கு இரத்தவோட்டம் தடைப்படாமல் பார்ப்பது, ஆறியபின் மூட்டும் தசையும் மீண்டும் இயங்கப் பழக்குவது ஆகிய இந்நான்குமே அவர் பணி. பழைய பச்சிலைக் கட்டு முதல் இன்றைய டைட்டானியத் தகடு வரை எல்லாச் சிகிச்சையும் இந்நான்கினுள் அடங்கும்.

கட்டு வைத்தியத்தின் பெருமை

இந்த அறிவு மேனாட்டிலிருந்து நேற்று வந்ததன்று. சுசுருத சங்கிதை பன்னிரண்டு வகை எலும்பு முறிவுகளையும் ஆறு வகை மூட்டு நழுவல்களையும் பிரித்துக் கூறுகிறது. அத்தி, அரசு, ஆல், மருது முதலிய மரங்களின் பட்டைகளையும் மூங்கிலையும் சிம்பாக வைத்துக் கட்டும் முறையையும் அந்நூல் விளக்குகிறது. பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் மகா பராக்கிரமபாகு மன்னன் அமைத்த ஆளாஹன பிரிவெனாவின் வைத்தியசாலை இடிபாடுகளிலே சத்திரசிகிச்சைக் கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. சிங்கள மக்கள் 'கடும் பிந்தும்' வைத்தியம் என்றும், யாழ்ப்பாணத்தார் முறிவு நெரிவு வைத்தியம் என்றும் கூறும் மரபு, தந்தை மகனுக்குக் கற்பிக்கும் குலவித்தையாக இன்றும் நிலவுகிறது. தமிழகத்தார் 'புத்தூர்க் கட்டு' என்று தேடிச் செல்வதும் ஆந்திர எல்லையிலுள்ள இத்தகைய மரபொன்றையே. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சுதேச வைத்தியரைப் பதிவு செய்யவும் வழி வகுத்தது.

இத்தகைய குலவித்தையிலிருந்தே மேனாட்டு என்பு வைத்தியமும் ஒரு கிளையாக வளர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கில்சித் தீவின் கரையில் உடைந்த கப்பலொன்றிலிருந்து ஒரு சிறுவன் மீட்கப்பட்டான். அவனுடைய மொழி யாருக்கும் விளங்கவில்லை. ஒரு குடியானவர் வீட்டில் வளர்ந்த அவன், பறவை விலங்குகளின் முறிந்த கால்களைச் சீர்ப்படுத்துவதில் வியத்தகு திறமை காட்டினான். பின்னர் மனிதருக்கும் அவ்வாறே செய்தான். அவன் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டு வைத்தியராய் விளங்கினர். அக்குலத்து ஈவன் தோமஸ் என்பவரைப் பட்டம் பெற்ற வைத்தியர்கள் பலமுறை வழக்கு மன்றத்துக்கு இழுத்தனர். மனம் நொந்த அவர் தம் புதல்வரை வைத்தியக் கல்லூரிகளுக்கு அனுப்பினார். அவர்களுள் ஒருவரே ஹியூ ஓவன் தோமஸ்.

1834இல் பிறந்த இவர் லிவர்ப்பூல் துறைமுகத் தொழிலாளரிடையே வைத்தியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்குக் கட்டணமின்றிப் பார்த்தார். தொடையெலும்பு முறிந்தோரை அசையாது கிடத்துவதற்கு இரும்பு வளையமும் இரு கம்பிகளும் கொண்ட சிம்பு ஒன்றைச் செய்தார். அவர் வாழ்ந்தபோது அதனைப் பெரிதாக மதித்தவர் சிலரே. அவருடைய மருமகனும் மாணவனுமான றொபேட் ஜோன்ஸ் முதலாம் உலகப் போரின்போது அச்சிம்பைப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். தொடையெலும்பு முறிந்து புண்பட்ட போர்வீரருள் நூற்றுக்கு 80 பேர் அளவில் இறந்து கொண்டிருந்த நிலை மாறி, போர் முடிவதற்குள் இறப்போர் தொகை நூற்றுக்கு 20 அளவுக்குக் குறைந்தது. குலவித்தையின் கைத்திறனும் கல்லூரியின் அறிவும் ஒன்று சேர்ந்தபோது விளைந்த பயன் இது.

இறுகக் கட்டிய கட்டு

ஆகவே கட்டு வைத்தியரை நாம் இகழவில்லை. நேர் விலகாத சிறு முறிவுகளை அவர்கள் நன்கு ஆற்றியுள்ளனர். ஆனால் எந்த முறிவு சிறியது, எது பெரியது என்பதைக் கைவிரல் மட்டும் கொண்டு துணிய முடியாது. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. வீட்டார் அயலிலிருந்த ஒருவரிடம் கொண்டு சென்று எண்ணெய் தடவிச் சிம்பு வைத்து இறுகக் கட்டுவித்தனர். இரவு முழுவதும் பையன் வலியால் துடித்தான். முறிந்தால் நோகத்தானே செய்யும் என்று பெரியோர் ஆறுதல் கூறினர். மறுநாள் விரல்கள் வீங்கின. அடுத்த நாள் மரத்துப் போயின. மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று கட்டை அவிழ்த்தபோது, முன்கையின் தசை இரத்தமின்றி இறந்திருந்தது. எலும்பு நன்றாகவே ஒட்டியது. விரல்களோ வல்லூற்றின் நகங்களைப் போல் மடங்கி நின்றுவிட்டன. நல்ல வேளையாக அது இடக்கை என்று அவன் தாய் சொல்லிச் சொல்லித் தேற்றிக் கொண்டதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இந்நிலையை ஜேர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் றிச்சட் வொன் வொல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. தசைகள் உறுதியான சவ்வு உறைகளுள் அடைபட்டுள்ளன. முறிவினால் உள்ளே வீக்கம் பெருகும்போது, வெளியே கட்டும் இறுகி நின்றால், உள்ளமுக்கம் ஏறி நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இரத்தம் கிடைக்காவிடின் தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசை மீளாது. எலும்பு சில நாள் காத்திருக்கும். இரத்தம் சில மணி நேரமும் காத்திராது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

கட்டிட்ட பின்னர் வலி குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போதல், விரலைப் பிறர் மெல்ல நிமிர்த்தினாலும் தாங்க முடியாத நோவு எடுத்தல், மரத்துப் போதல், விரல் வெளிறுதல் அல்லது நீலமாதல் ஆகியவை அபாய அறிகுறிகள். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாகாது. நாடி நிற்பது இறுதியில்தான். கட்டியது கிராமத்து வைத்தியர் ஆயினும், வைத்தியசாலையில் போட்ட பாரிஸ் சாந்துக் கட்டு ஆயினும் விதி ஒன்றே: அந்த நிமிடமே வைத்தியசாலைக்கு விரைந்து கட்டைத் தளர்த்தச் செய்ய வேண்டும். தேவையாயின் சத்திரசிகிச்சை நிபுணர் சவ்வுறையைக் கீறி அமுக்கத்தை வெளியேற்றுவார். கட்டு மிகத் தளர்ந்தாலும் தீது, மிக இறுகினாலும் வீக்கமும் நோவும் உண்டாகும் என்று சுசுருத சங்கிதையே எச்சரிக்கிறது. மரபின் நூலே சொன்னதை மரபின் பெயரால் மறப்பது நியாயமன்று.

நோயை அறியும் வழி

என்பு வைத்தியர் முதலில் எடுப்பது கருவியை அன்று; காதை. எவ்வாறு விழுந்தீர், எந்த நேரத்தில் வலி மிகுகிறது, காலையில் எழும்போது மூட்டு எத்தனை நேரம் விறைத்து நிற்கிறது என்றெல்லாம் வினவுவார். சிறிது நடந்தவுடன் விறைப்பு நீங்கி, மாலையில் வலி மிகுமாயின் தேய்வினால் வந்த மூட்டுநோயாக இருக்கலாம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து, இரு கை விரல்மூட்டுகளும் ஒருங்கே வீங்குமாயின் வாத மூட்டழற்சியோ என்று ஐயுறுவார். இரவில் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் விடாத வலி, காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை கிருமித்தொற்றையோ கட்டியையோ நினைப்பூட்டும். பின்னர் அவர் பார்ப்பார், தொடுவார், அசைப்பார். வலியற்ற மறுபக்கத்தோடு ஒப்பிடுவார்.

அதன்பின்னரே கதிர்ப்படம். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் தேதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் மோதிரமும் அதில் தெளிவாய்த் தெரிந்தன. இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. பௌதிகத்துக்கான முதலாவது நொபெல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது. அதுவரை தடவிப் பார்த்து ஊகித்ததை வைத்தியர் அன்று முதல் கண்ணால் கண்டார்.

கதிர்ப்படத்தை ஒரு பக்கமிருந்து மட்டும் எடுத்தல் போதாது. முன்னிருந்து நேராகத் தோன்றும் எலும்பு பக்கமிருந்து பார்க்கையில் விலகி நிற்கக் கூடும். ஆதலால் இரு கோணங்களில், மேல்மூட்டும் கீழ்மூட்டும் அடங்குமாறு எடுப்பர். நுட்பமான முறிவுகளுக்கு சி.டி. ஸ்கான் உதவும், சவ்வு, தசைநார், முதுகுத் தட்டு, நரம்பு ஆகியவற்றைக் காண எம்.ஆர்.ஐ. ஸ்கான் சிறந்தது. வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதித்தால் அதில் இருப்பது கிருமியா, யூரிக் அமிலப் படிகமா என்று விளங்கும். எல்லார்க்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை. கேள்விக்கு ஏற்ற சோதனையைத் தெரிந்தெடுப்பதே நல்ல வைத்தியரின் அடையாளம்.

கத்தி எடுக்கும் வேளை

சத்திரசிகிச்சை என்றதும் நம் குடும்பங்களில் அழுகை தொடங்கிவிடும். உண்மையில் முறிவுகளுள் பெரும்பாலானவை கத்தியின்றியே ஆறுகின்றன. ஒல்லாந்து இராணுவ வைத்தியர் அந்தோனியஸ் மதைசன் 1852இல் விவரித்து வெளியிட்ட பாரிஸ் சாந்துக் கட்டு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தாலோ, மூட்டின் வழுவழுப்பான பரப்பு உடைந்து படிபோல் ஏறியிறங்கி நின்றாலோ, முனைகள் நேர்ப்பட மறுத்தாலோ, இரத்தக் குழாயோ நரம்போ சிக்கினாலோ, தொடையெலும்பு போன்ற பெரிய எலும்பு முறிந்தாலோதான் கத்தி வேண்டப்படுகிறது.

தொடையெலும்பு முறிந்தவர் முன்னாளில் வாரக்கணக்காகப் பாரக் கயிறு கட்டிப் படுத்திருந்தார். 1939இல் கீல் நகரத்து ஜேர்மானிய வைத்தியர் கேர்ஹாட் குன்ச்சர் எலும்பின் நடுக்குழலினுள் நீண்ட உருக்கு ஆணியைச் செலுத்தி நிறுத்தினார். போர்க்கைதிகளாய் இருந்து நாடு திரும்பிய வீரரைக் கதிர்ப்படம் எடுத்தபோதுதான் நேசநாட்டு வைத்தியர் பலர் இப்புதுமையைக் கண்டு திகைத்தனர். 1958இல் சுவிற்சலாந்து வைத்தியர் சிலர் கூடி, தகடும் திருகாணியும் பொருத்தும் முறைகளை ஒழுங்குபடுத்தினர். இப்போது ஆணி செலுத்தப் பெற்றவரைப் பெரும்பாலும் சில நாட்களிலேயே எழுந்து நிற்கப் பழக்குகின்றனர்.

தோல் கிழிந்த முறிவு வேறொரு அவசரம். எலும்பு வரை அழுக்குப் புகுந்தால் கிருமி குடிகொண்டு ஆண்டுக்கணக்காய்ச் சீழ் வடியும். கிருமிகொல்லி மருந்தை இயன்றளவு விரைவில், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏற்றுவது நன்று. ஏற்புவலித் தடுப்பூசியும் வேண்டும். இத்தகைய சிதைந்த காலைக் காப்பாற்ற முடியுமா என்று மதிப்பிடக் கோயம்புத்தூர் கங்கா வைத்தியசாலையின் இராஜசேகரன் குழுவினர் வகுத்த மதிப்பெண் முறை பிற நாடுகளிலும் கையாளப்படுகிறது. எலும்புப் புற்றுநோய் கண்ட காலை வெட்டி அகற்றாமல், நோயுற்ற பகுதிக்குப் பதிலாக உலோக எலும்பைப் பொருத்துவதிலே முன்னோடியாய் விளங்கிய சென்னை மயில்வாகனன் நடராஜனுக்கு 2007இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழர் பெயர் இத்துறையிலும் ஒளிர்கிறது என்பதை மாணவர் அறிவது நன்று.

பாட்டியின் இடுப்பு

நம் வீடுகளில் அடிக்கடி நேரும் ஒரு துன்பத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார். எழ முடியவில்லை; ஒரு கால் குறுகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கிறது. இந்த வயதில் சத்திரசிகிச்சை தாங்குவாரா என்று எண்ணி, பிள்ளைகள் அவரைக் கட்டிலிலேயே கிடத்திப் பணிவிடை செய்கின்றனர். அன்பினால் செய்யும் இச்செயலே அவருக்கு எமனாகிறது. கிடந்த கிடையில் முதுகில் படுக்கைப்புண், நெஞ்சில் சளி, காலில் இரத்தக் கட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாய் வரும். நன்கு வசதி படைத்த நாடுகளிலும் இடுப்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர், சில இடங்களில் அதற்கு மேலும், ஓராண்டுக்குள் இறக்கின்றனர். வயது முதிர்ந்தவர் என்பதாலேயே அவருக்குச் சத்திரசிகிச்சை இன்றியமையாதது. இரண்டு நாட்களுக்குள் அது நடைபெறுவது சிறப்பு. மறுநாளே அவரை எழுப்பி இருத்துவர்.

முறிவுக்கு ஏற்றவாறு திருகாணியோ ஆணியோ பொருத்துவர். அல்லது தொடையெலும்பின் தலைப்பகுதியையே மாற்றுவர். முழு இடுப்பு மூட்டையும் மாற்றும் முறையை நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ஜோன் சான்லி. முதலில் அவர் கிண்ணத்துக்கு டெப்லோனைப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளில் தேய்ந்து போக, நோயாளரைத் தாமே மீண்டும் அழைத்துத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. மனந்தளராது தேடி, 1962 நவம்பரில் செறிவுமிக்க பொலித்தீன் கிண்ணத்தைப் பொருத்தினார். அது நிலைத்தது. மூட்டை எலும்போடு பிணைக்க, பல் வைத்தியர் கையாண்ட அக்ரிலிக்குப் பசையையே அவர் எடுத்துக்கொண்டார்.

மூட்டு மாற்றல் முழங்காலுக்கும் செய்யப்படுகிறது. ஆனால் முழங்கால் வலித்த அனைவருக்கும் அது மருந்தன்று. தொடைத் தசையை உரப்படுத்தும் பயிற்சியும் உடற்பாரத்தைக் குறைத்தலும் முதல் மருந்து. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மீது ஏறும் பாரம் நான்கு கிலோ அளவில் குறைகிறது என்பர் ஆராய்ந்தோர். இவற்றாலும் தீராது, நடையும் உறக்கமும் கெட்ட பின்னரே மாற்றலைப் பற்றி எண்ண வேண்டும்.

குழந்தைகளின் விடயம்

ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு உள்நோக்கி மடங்கிய பாதத்துடன் பிறக்கிறது. இது முற்பிறப்பின் வினையுமன்று, கிரகணத்தின் பயனுமன்று. அயோவாவில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செத்தி காட்டிய முறைப்படி, பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரம் ஒரு முறை பாதத்தை மெல்லத் திருப்பிச் சாந்துக் கட்டிட்டால், ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிறது. பெரும்பாலோருக்குக் குதிநாரில் ஒரு சிறு கீறல் வேண்டும். பின்னர் நான்கு வயது வரை உறங்கும்போது விசேட பாதணி அணிவிக்க வேண்டும். பெற்றோர் பாதணியைக் கைவிட்டால் பாதம் மீண்டும் மடங்கும்.

காய்ச்சலுடன் ஒரு குழந்தை காலை அசைக்க மறுத்து அழுதால், அதனைச் சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தடவலாகாது. மூட்டினுள் சீழ் பிடித்திருக்கலாம். அது குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே அரித்துவிடும். அன்றைய தினமே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

விபத்து நேர்ந்த இடத்தில்

மரத்திலிருந்து ஒருவர் விழுந்தார், முச்சக்கரவண்டி கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அவ்விடத்தில் செய்யத்தக்கன சிலவே.

கழுத்திலோ முதுகிலோ வலி என்றால், அல்லது கைகால் மரத்திருந்தால், அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். உதவி வரும்வரை அசையாது கிடக்கச் செய்யுங்கள். வேறு வழியின்றி நகர்த்த நேரின், பலர் சேர்ந்து கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு பலகையில் ஏற்றுங்கள். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தொடையெலும்பு முறிந்தால் வெளியே ஒரு துளியும் தெரியாமலே உள்ளே ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் வடியலாம். அவர் வெளிறி வியர்த்தால் அது பெரும் ஆபத்து.

முறிந்த உறுப்பைக் கிடந்த நிலையிலேயே அசையாமல் தாங்குங்கள். மூங்கில், குடை, தடித்த அட்டை எதுவும் சிம்பாகும். சுருட்டி மடித்த ஞாயிறு இதழும் முன்கைக்கு நல்ல சிம்பே. துணியைத் தளர்வாகக் கட்டி, விரல் நுனி தெரியுமாறு விடுங்கள். மோதிரம், வளையல், காப்புகளை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். எண்ணெய் தேய்த்தலும் இழுத்து நேர்ப்படுத்தலும் வேண்டா. சத்திரசிகிச்சை நேரக் கூடுமாதலின் உணவும் தேநீரும் கொடுக்காதீர்கள். கணுக்கால் பிசகியவர் தாமே நான்கடி வைக்க முடியாவிடின், கதிர்ப்படம் எடுப்பது அவசியம் என்று கொள்ளுங்கள்.

பின்னர் 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. தோட்டத்து லொறி வரும்வரை காத்திருந்த காலம் நம் பெற்றோர் கண்டது. நம் பிள்ளைகளும் அதனைக் காண வேண்டியதில்லை. மாத்தளை நகரில் மாவட்ட வைத்தியசாலை உண்டு. அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் கண்டி தேசிய வைத்தியசாலையும் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் கதிர்ப்படமும் சத்திரசிகிச்சையும் இலவசமாகவே கிடைக்கின்றன. மலைத்தோட்டங்களின் ஒடுங்கிய பாதைகளே இன்னும் பெரிய தடை. அதனால்தான் விபத்து நேர்ந்த பின்பு யாரிடம் போவது என்று விவாதித்து ஓர் இரவைக் கழிப்பது நமக்குக் கட்டுபடியாகாது.

கட்டு வைத்தியரிடம் நம்பிக்கை உடையோருக்கு நாம் கூறுவது ஒன்றே. முதலில் கதிர்ப்படம் எடுங்கள். என்ன முறிந்தது, எவ்வளவு விலகியது என்று அறியுங்கள். சிறிய முறிவு என்று வைத்தியர் உரைத்தால், அதன்பின் உங்கள் விருப்பப்படி முடிவு செய்யலாம். ஆனால் கட்டியவர் யாராயினும், அன்றிரவு விரல்களை விழித்திருந்து பாருங்கள். சூடாக, சிவந்து, அசையக்கூடியனவாக அவை இருந்தால் நிம்மதியாய் உறங்கலாம். இல்லையேல் பொழுது விடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம்.